நயினாரின் விளக்குமாறு

"கடல், பெரியசாமி சமாதி காலடிக்கே வந்துட்டுது. நீங்க என்னடான்னா மோர் குடிச்சிட்டு இருக்கீங்களே, அம்மா!"

நயினாருக்கு மூச்சு வாங்கியது. அறுபதைத் தாண்டிய சீடர் அவர். குரு பிச்சம்மைக்கு அவர் மகள் வயதுதான். முந்தின குரு பெரியசாமி சமாதியான பிறகு கடற்கரை மடம் இந்த அம்மாளின் பொறுப்புக்கு வந்தது. சமாதியைப் பெருக்கும் பொறுப்பு மட்டும் நயினாரிடமே இருந்தது. அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பிச்சம்மை மோரை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"எவ்வளவு கிட்ட வந்திருக்கு?"

"நேத்து அலை படியை நனைச்சிட்டுது. அடுத்த புயலுக்கு அவர் இருக்க மாட்டார்."

சொல்லும்போதே அழுதுவிட்டார். பெற்ற தகப்பனுக்குக்கூட அவர் இப்படி அழுததில்லை.

"இது யார் செஞ்ச வேலை?"

"உலகம் செஞ்ச வேலை! எங்கெங்கேயோ புகையை விடுதாங்க. பூமி கொதிக்குது, கடல் ஏறுது. நாம என்ன பாவம் பண்ணினோம்? ஒரு சருகைக்கூட நான் கீழே கிடக்க விட்டதில்லையே."

"புகை விடுறவங்ககிட்ட நாம கேட்கத்தான் போறோம். நல்லா உறைக்கிற மாதிரியே கேட்போம். இப்ப வாங்க, சமாதியைப் பார்ப்போம்."

போனார்கள். சமாதியைச் சுற்றித் தரை துடைத்த தட்டாகக் கிடந்தது. அந்த வேதனையிலும் நயினார் அதைக் கொஞ்சம் பெருமையாகத்தான் பார்த்தார்.

"இங்க ஒரு மணல்மேடு இருந்ததாமே?"

"இருந்துது. மேடு பூரா அடம்பங்கொடி. கும்பிட வர்றவங்க காலை இடறிச்சு. நான்தான் ஒத்தை ஆளா நின்னு வேரோட பிடுங்கினேன்."

"பிறகு மேடு எங்க போச்சு?"

"காத்து கொண்டுபோயிட்டுது. அதுக்கு நான் என்ன செய்ய?"

பிச்சம்மை கையை நீட்டினாள். நயினார் மனசில்லாமல் விளக்குமாற்றைக் கொடுத்தார். அவள் அதை ஈர்க்கு மேலே இருக்கும்படி, கடலுக்கும் சமாதிக்கும் நடுவே மணலில் ஊன்றினாள்.

நயினார் பதறிப்போனார்.

"அம்மா! சாமிக்கு முன்னால விளக்குமாத்தை நட்டு வைக்கலாமா?"

"சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க."

அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் முழுக்கக் கடல்காற்று அடித்தது. நயினாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சின்ன வயசு, விவரம் போதாது என்று குருவைப் பற்றி மனசுக்குள் முணுமுணுத்தார். வெயில் தாழ்ந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

விளக்குமாற்றின் பின்னால், ஒரு பூனை படுத்திருக்கிற அளவுக்கு மணல் சேர்ந்திருந்தது.

பிடுங்கப் போன கை அப்படியே நின்றது.

பின்னால் பிச்சம்மை வந்து நின்றாள்.

"யார் கொட்டினாங்க?"

"காத்து."

"எந்தக் காத்து?"

"மேட்டைக் கொண்டுபோன அதே காத்துதான்."

நயினார் மணலில் உட்கார்ந்துவிட்டார். வேரோடு பிடுங்கிய கொடி ஞாபகத்துக்கு வந்தது.

"இந்த வேலையைச் செஞ்சது நானும்தானா, அம்மா?"

"நீங்களும்தான். கொடி எங்க கிடைக்கும்?"

"வடக்குக் கரையில கிடக்கு."

"அப்புறம் என்ன, எழுந்திருங்க."

நயினார் எழுந்தார். விளக்குமாற்றை எடுக்காமலே வடக்கே நடந்தார்.

ஒரு மழைக்காலம் போனது. அலை இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் படிக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்கு மணல் ஏறியிருந்தது. அதன்மேல் நயினார் கொண்டுவந்து நட்ட கொடி படர்ந்து, ஊதாப் பூவாகப் பூத்துக் கிடந்தது.

பெரியசாமியின் குருபூசைக்குக் கூட்டம் வந்தது. வெள்ளை வேட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவர் கொடியில் கால் தடுக்கி, விழப்போய்ச் சமாளித்தார்.

"என்னய்யா இது? சமாதியைக் காடாப் போட்டு வச்சிருக்கீங்க! இங்க பெருக்குறதுக்கு ஆளே இல்லையா?"

நயினார் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் ஐயா இருக்கேன். காலைத் தூக்கி வையுங்க."