நாரத்தை மரத்துக்கு வந்த பொட்டுக்காரி

மலையடிவாரக் காட்டில் சிங்காரி என்றொரு வண்ணத்துப்பூச்சி இருந்தாள். கறுப்புச் சிறகு, அதில் சிவப்புப் பொட்டுகள். பார்வைக்கு அதே காட்டில் இருந்த பவளம் என்பவளின் அச்சு அசல்தான்.

பவளமும் வண்ணத்துப்பூச்சிதான், ஆனால் வேறு இனம். புழுவாக இருந்தபோதே ஆடுதீண்டாப்பாளைக் கொடியின் விஷ இலையைத் தின்று வளர்ந்தவள். உடம்பெல்லாம் விஷம். அவள் இனத்தில் ஒருத்தியைக் கொத்திப் பார்த்த கரிச்சான் குருவி, பொழுது சாயும்வரை கக்கிக்கொண்டு கிடந்தது. அன்றிலிருந்து சிவப்புப் பொட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சிங்காரியோ நாரத்தை இலை தின்று வளர்ந்தவள். அவளிடம் விஷம் ஒரு துளி கிடையாது. பொட்டுதான் அவளைக் காத்தது. எல்லோரும் ஒதுங்கி ஒதுங்கிப் போனதில், தானும் விஷக்காரிதான் என்றே அவள் நினைத்துவிட்டாள்.

முட்டையிடும் காலம் வந்தது. ஓடைக்கரையில் இருந்த விஷக்கொடியில் போய் உட்கார்ந்தாள்.

“என்னடி பண்ற? உன் பிள்ளைங்க இதை வாயிலயே வைக்காதுங்க. நாரத்தைக்குப் போ,” என்றாள் பவளம்.

“ஏன், இந்தக் கொடியை உன் பேர்ல பட்டா போட்டுக் குடுத்திருக்காங்களா? கரிச்சானே என்னைக் கண்டு நடுங்குது.”

“அது நடுங்குறது என்னை நினைச்சுடி.”

சிங்காரி காதில் வாங்கவில்லை. இலைக்கு ஒன்றாக இட்டாள். வயிற்றில் ஒரே ஒரு முட்டை மிஞ்சியது.

சில நாளில் புழுக்கள் வெளிவந்தன. இலையைக் கடித்தன, துப்பின. அத்தனை பச்சைக்கு நடுவே பட்டினி கிடந்து சுருண்டு விழுந்தன.

“அம்மா, வேற இலை குடு,” என்றது கடைசிப் புழு.

தூக்கிக்கொண்டு போக அவளுக்குக் கையா இருக்கிறது?

அதுவும் விழுந்த பிறகு, மிஞ்சிய முட்டையோடு நாரத்தை மரத்துக்குப் பறந்தாள். உச்சிக் கிளையில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. அவள் தளிரைச் சுற்றுவதைப் பார்த்துக் கழுத்தைச் சாய்த்தது.

“பொட்டுக்காரிக்கு நாரத்தையில என்ன வேலை?”

“சும்மா, காத்து வாங்க வந்தேன்.”

“வாங்கியாச்சுல்ல? கொடிப் பக்கம் போ. போகலேன்னா நீ அந்த விஷக்காரி இல்ல.”

போனால் உயிர் மிஞ்சும். முட்டை மிஞ்சாது.

சிங்காரி அடிவயிற்றை வளைத்தாள். முட்டை தளிரில் ஒட்டிக்கொண்டது. அதே நொடியில் கரிச்சான் பாய்ந்தது.

“அட, கசக்கவே இல்லையே,” என்று அலகைக் கிளையில் தேய்த்துக்கொண்டது.

முட்டை பொரிந்து வந்த புழு, தளிரை ஆசை ஆசையாகத் தின்றது. அதன் உருவமோ குருவி எச்சம் போல இருந்தது. கரிச்சான் எட்டிப் பார்த்து, “சீ” என்று தள்ளி உட்கார்ந்தது.

உயிர் பிழைக்க வேஷம் போடலாம்; போட்ட வேஷத்தைத் தானே மெய்யென்று நம்பிவிட்டால், தன்னை நம்பியிருப்பவர்களும் சேர்ந்து அழிவார்கள்.