ரெண்டாவது இலை

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு.

குருவின் பெயர் நிறைமதி. வீட்டு முன்னறையில் நாலு கம்ப்யூட்டர் போட்டுப் பாடம் சொல்லுவார். மடியில் எப்போதும் ஐந்து மாதக் குழந்தை இருக்கும். எல்லோரும் அவரை டீச்சர் என்பார்கள், சீடரும்தான்.

சீடர் வடமலை. பால் சங்கத்தில் முப்பது வருஷம் வரிசையைப் பார்த்துக்கொண்டவர். பால் ஊற்ற வரும் பெண்கள் தங்கள் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு நிழலுக்குப் போவார்கள். வடமலை கல்லைக் காலால் தள்ளிவிட்டு, "ஆளில்லாத எடம் எதுக்குங்கம்மா? நகந்து நில்லுங்க" என்பார். வரிசையில் சந்து இருந்தால் அவருக்குக் கண் உறுத்தும்.

சங்கத்துக்குப் பன்னிரண்டு ஊர். ஊருக்கு ஒரு குளிர்த்தொட்டி. தொட்டியில் பால் சூடாக ஆரம்பித்தால் அங்கிருக்கும் மெசின் ஒரு வரி எழுதிச் சங்கத்துக்கு அனுப்பும். வரியின் தலையில், எழுத்துக்கு ஒரு கட்டமாக, மாதம், தேதி, மணி, ஊர் எண். அதற்குப் பிறகுதான் சேதி. அந்தத் தலையில் கட்டத்தை எண்ணி ஊர் எண்ணை மட்டும் பிரித்து, பலகையில் காட்டி, மணியடிக்கும் புரோகிராமை வடமலை எழுதினார். போன மாதம் பதினைந்தாம் தேதி ஓடவிட்டார். மாதக் கடைசி வரை ஒரு தப்பு இல்லை.

இந்த மாதம் மூன்றாம் தேதி, வெயிலோடு வந்து நின்றார்.

"டீச்சருங்க, ஒண்ணாந்தேதியில இருந்து அதுக்குப் பித்துப் புடிச்சிருச்சுங்க."

"என்ன பண்ணுதுங்கண்ணா?"

"சைபர் ஊருல பால் சூடாகுதுன்னு மணியடிச்சுது. சைபர் ஊருக்கு எந்தப் பக்கம் போறதுன்னு டிரைவர் என்னையக் கேக்கறான்."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நேத்து ரெண்டாவது ஊருன்னு காட்டுச்சு. வண்டி ரெண்டாவது ஊருக்கு ஓடுச்சு. அங்க பால் ஜில்லுன்னு கெடக்குது. திரிஞ்சது பன்னெண்டாவது ஊர்ப் பாலுங்க. அத்தனையும் போச்சு."

"பன்னெண்டாவது ஊரு..."

"என் சம்சாரத்தோட ஊருங்க."

டீச்சருக்கு வந்த சிரிப்பு நின்றுவிட்டது.

"'எங்கூருப் பாலைத் திரிய விட்ட மனுசனுக்கு என் கையால காப்பி கெடையாது'ன்னுட்டா பெருமாயி. நேத்திருந்து கடைக் காப்பிதானுங்க."

"செயலாளர் என்ன சொல்றாரு?"

"மெசினுக்கு எலுமிச்சம்பழம் கட்டியிருக்காரு. நாளைக்குச் சாயங்காலப் பால் வரைக்கும் பார்ப்பாராம். அப்பறம் என் புரோகிராமைத் தூக்கிருவாராம். இன்னொருக்கா திரிஞ்சா சங்கத்துக்கே பால் ஊத்த மாட்டோம்னு பன்னெண்டாவது ஊர்ப் பொம்பளைங்க சொல்லீட்டாங்க. எந்த வரி தப்புன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். கோடி புண்ணியமாப் போகும்."

டீச்சர் புரோகிராமைப் பார்த்தார். முதல் வரியிலேயே கண் நின்றது. பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்குப் பாப்பாவுக்குப் பேரு வெக்கிறோம். பரிமாற ஆள் பத்தலை. வெள்ளனே வந்துருங்கண்ணா."

"டீச்சருங்க, அந்த வரி..."

"வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வாங்க. சாம்பார் தெறிக்கும்."

மறுநாள் வந்தார். மடித்துக் கட்டிக்கொண்டுதான் வந்தார், முகம்தான் தொங்கிப்போயிருந்தது. குழந்தைக்குப் பேர் வைத்தாயிற்று. கூடத்தில் இலை போட்டாயிற்று. டீச்சர் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார்.

மூணாவது இலைக்குச் சர்க்கரை போடாத பாயசம். நாலாவது இலைக்குக் கத்தரிக்காய் வேண்டாம். அஞ்சாவது இலைக்குக் குழைந்த சாதம்.

"அவ்வளவுதான?" என்றார் வடமலை. "முப்பது வருசம் வரிசை பார்த்தவனுங்க நானு."

டீச்சர் உள்ளே போனார்.

வடமலை வரிசையைப் பார்த்தார். முதல் இலையில் டீச்சரின் அப்பா. மூன்றாவதில் பெரியப்பா, நாலாவதில் அத்தை, ஐந்தாவதில் பல் போன தாத்தா, ஆறாவதில் கபடி ஆடும் கொழுந்தன். ரெண்டாவது இலைக்கு முன்னால் யாரும் இல்லை. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும். இலை மின்விசிறிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவருக்குக் கண் உறுத்தியது.

குனிந்து அந்த இலையை எடுத்தார். "எல்லாரும் ஒரு எடம் நகந்து உக்காருங்க சாமி" என்றார். எல்லோரும் நகர்ந்தார்கள். சந்து அடைபட்டது. மனசுக்கு நிறைவாக இருந்தது. சீட்டைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார்.

முதலில் சத்தம் போட்டது கொழுந்தன்தான்.

"அண்ணா, எனக்கு என்ன பச்சப்புள்ளைக்குப் போடற மாதிரி கொழகொழன்னு போட்டிருக்கீங்க? பாப்பாவுக்கா பேரு வெச்சீங்க, எனக்கா?"

"எனக்குப் போட்டது அரிசியா, கூழாங்கல்லா?" என்றார் தாத்தா.

"ஐயோ, கத்தரிக்காய்!" என்று அத்தை கையை உதறினார். "இதைத் தொட்டா ராத்திரி பூரா சொறிஞ்சுட்டுக் கெடப்பனே! பாயசத்துல சர்க்கரையும் இல்ல. என் மேல என்ன கோவம் உங்களுக்கு?"

பெரியப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து இலையை இழுத்தார்.

"இருந்த நோய் போதாதா? விடுங்க!"

"விசேசத்து அன்னிக்கு இலையைப் புடிச்சு இழுக்கிறியே, நாயமா இது?" என்றபடி பெரியப்பா விரலையும் நக்கிக்கொண்டார்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. டீச்சர் குழந்தையோடு வந்து நின்றார்.

"ரெண்டாவது இலை எங்கங்கண்ணா?"

"ஆளில்லீங்க டீச்சர். சும்மா கெடந்துச்சு. எடுத்துட்டேனுங்க."

"பாப்பாவுக்குப் போட்டதுங்க அது."

"பாப்பாவுக்கா? பல்லே மொளைக்கலையே!"

டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"உங்க புரோகிராமோட மொத வரி என்னங்கண்ணா?"

"அது ஒண்ணுமில்லீங்க. சுத்தம் பண்ற வரி. ரெண்டு காலிக் கட்டம் ஒட்டி வந்தா ஒண்ணை எடுத்துரு, எல்லாம் நகந்து..."

கரண்டி அப்படியே நின்றது. சாம்பார் வேட்டியில் சொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

கரண்டியோடு முன்னறைக்கு ஓடினார். கம்ப்யூட்டரில், ரெண்டாம் தேதி பன்னிரண்டாவது ஊரிலிருந்து வந்த வரியை எடுத்தார். திரையில் விரலை வைத்துக் கட்டம் கட்டமாக எண்ணினார். மாதப் பெயரின் மூன்று எழுத்துக்கு மூன்று கட்டம். பிறகு ஒரு காலி. தேதிக்கு இரண்டு கட்டம். இருபது, முப்பது என்றால் இரண்டிலும் எண் இருக்கும். ரெண்டாம் தேதிக்கு ஒரு கட்டம் போதும், முன் கட்டம் காலி. ஆக ரெண்டு காலி ஒட்டி நிற்கிறது. அதில் ஒன்றை அவர் பிடுங்கியிருக்கிறார். வரி முழுக்க ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. ஊர் எண் இருக்கும் என்று அவர் பார்த்த இடத்தில், பன்னிரண்டின் ஒன்று நழுவிப்போய் ரெண்டு மட்டும் உட்கார்ந்திருந்தது. பத்தாவது ஊர் வரியில் சைபர் மட்டும்.

"அடக் கெரகமே! நாந்தானா!" என்றார்.

முதல் வரியை அழித்தார். திரையில் சாம்பார்க் கறை.

கூடத்திலிருந்து கொழுந்தன் கத்தினான்: "அண்ணா, ரசம்!"

திருத்திய புரோகிராமைச் சங்கத்தில் ஏற்றினார். அன்று சாயங்காலம் ஐந்தேகாலுக்கு மணியடித்தது. பலகையில் 12 என்று வந்தது.

டிரைவர் சாவியைச் சுற்றிக்கொண்டு கேட்டான். "இன்னிக்கு எந்த ஊருங்க? சைபருக்கும் கீழயா?"

"பன்னெண்டு! ஓடு!"

"மாமியா ஊரா? அப்ப நீங்களும் ஏறுங்க."

இரண்டு பேரும் போனார்கள். குளிர்த்தொட்டியின் மோட்டார் நின்றுபோயிருந்தது. பால் அப்போதுதான் வெதுவெதுப்புக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கூடத் திரியவில்லை. செயலாளர் எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து, அதிலேயே எல்லோருக்கும் ஜூஸ் போடச் சொன்னார்.

ஐந்தாம் தேதி காலையில் வடமலை தூக்குப்போசி நிறையச் சீம்பாலோடு வந்தார்.

"எங்க மாமியா ஊருல இருந்து குடுத்து விட்டாங்க டீச்சர்."

"காப்பி?"

"ரெண்டு டம்ளர்!" வெட்கத்தோடு சிரித்தார். பிறகு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "கார்த்தால வரிசையில ஒரு கல்லு இருந்துச்சுங்க. தள்ளலை. சுத்திப் போனேன்."

"யாரு கல்லுங்கண்ணா?"

"தெரியலீங்க."

குழந்தை தூக்குப்போசியின் மூடியைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தது. டீச்சர் அதன் கையை மெல்ல விலக்கினார்.

"ஒரே ஒரு சந்தேகமுங்க" என்றார் வடமலை. "இந்த மெசினு, தேதிக்கு முன்னால ஒண்ணுமில்லாத ஒரு கட்டத்தை எதுக்குங்க விட்டுவெக்குது? ஒம்பது நாளு சும்மாதான கெடக்குது?"

டீச்சர் குழந்தையின் எச்சிலைத் துடைத்துவிட்டார்.

"இன்னிக்கு அஞ்சுதானுங்கண்ணா ஆச்சு. பத்தாந்தேதி வர்றவங்க எங்க உக்காருவாங்க?"