முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பு

படை தோற்ற மறுநாள் மாலை, தளவாய் திருமலைக்கொழுந்து தன் குருவைத் தேடிக் குன்றேறினான். அடிகள், துறவு கொள்வதற்கு முன், அதே படையை நடத்தியவர்.

"நடந்தா வந்தாய்? குதிரை எங்கே?"

"செத்துவிட்டது, சுவாமி."

"உட்கார்."

அவன் உட்காரவில்லை. "முதல் வெடியிலேயே வரிசை கலைந்தது. ஓடியவர்களில் முப்பது பேரைப் பிடித்துவிட்டேன். விடிந்ததும் தூக்கு. எதிரி நாளை மறுபடி வருவான். தூக்கைப் பார்த்தால் மற்றவர்கள் நிற்பார்கள். நிற்பார்கள் அல்லவா?"

"ஹவில்தார்கள் எங்கே நின்றார்கள்?"

ஹவில்தார் என்பவன் சிப்பாய்க்கு மேலே, அதிகாரிக்குக் கீழே. போர்களைப் பாடிய புலவர்கள் அவனுக்கு ஒரு வரியும் ஒதுக்கியதில்லை. யானைகளுக்குப் பல பாடல்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் படையில் அவன் வரிசைக்குப் பின்னால், ஈட்டிக்கம்பைக் குறுக்கே பிடித்தபடி நிற்பது வழக்கம். வரிசை வளைந்தால் கம்பு முதுகைத் தொடும். ஒருவன் விழுந்தால், பக்கத்தில் நிற்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அந்த இடத்தை அடைப்பான்.

"முன்வரிசையில் நிறுத்தினேன்" என்றான் தளவாய். "வீரனுக்குப் பின்னால் கம்போடு ஆள் எதற்கு? மாடா மேய்க்கிறோம்? மார்பில் காயம் படுவதல்லவா அவர்களுக்குப் பெருமை?"

"நிறையப் பாட்டுப் படித்திருக்கிறாய். சவரிராயன் ஒன்றும் சொல்லவில்லையா?"

சவரிராயன்தான் ஹவில்தார்களில் மூத்தவன்.

"சொன்னான். 'பசங்க என் முதுகைப் பார்த்து என்னங்கய்யா பண்ணப்போறாங்க? அது அவ்வளவு அழகாவா இருக்கு?' என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்."

"பிறகு?"

"போய் முன்னால் நின்றான். முதல் வெடியில் விழுந்தான். ஹவில்தார் ஒருவரும் மிஞ்சவில்லை."

அடிகள் எழுந்து, அவனைப் பாறையின் விளிம்புக்கு அழைத்துப் போனார். கீழே பள்ளத்தாக்கு. காற்று ஆளைத் தள்ளியது.

"நில்."

நின்றான். சற்று நேரத்தில் தானாகவே ஓரடி பின்வாங்கினான்.

"மறுபடி நில்."

இம்முறை அடிகள் பின்னால் நின்று, தம் கைத்தடியைக் குறுக்கே அவன் முதுகில் வைத்தார். அவன் அசையவில்லை.

"தடி உன்னைத் தடுத்ததா?"

"இல்லை, சுவாமி."

"தள்ளிவிடுவேன் என்று பயந்தாயா?"

"இல்லை. பிடித்திருப்பது யாரென்று தெரியுமே."

அடிகள் தடியை எடுத்துக்கொண்டார்.

"அந்த முப்பது பேரில் ஒருவன் பெயர் சொல்."

"சவரிராயனுக்குத் தெரிந்திருக்கும்" என்றான் தளவாய்.

"தெரிந்திருக்கும்."

குன்றடியில் பாசறை தெரிந்தது. தச்சர்கள் தூக்குமரத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"சுவாமி, நாளை வரிசைக்குப் பின்னால் நிற்க எனக்கு யாருமே இல்லை."

"யார் முதலில் ஓடினான் என்று விசாரித்திருப்பாய்."

"விசாரித்தேன்."

"அடிபட்டவனைத் தோளில் போட்டுக்கொண்டு எவனாவது ஓடினானா?"

"ஒருவன். சுமையோடு ஓடியதால் எளிதில் பிடித்துவிட்டோம்."

"கம்பை அவனிடம் கொடு" என்றார் அடிகள். "முதலில், போய் அவன் பெயரைக் கேள்."