ஏறியாச்சு

குரு சிஷ்யன் கதை என்றால் குருவுக்குத் தாடி இருக்கும், சிஷ்யனுக்கு அரும்பு மீசை இருக்கும். எங்கள் ஆபீஸில் எல்லாமே தலைகீழ். குரு செண்பகத்துக்கு இருபத்தெட்டு வயது. சிஷ்யர் பால்துரைக்கு நாற்பத்து நாலு. ஆசிரமம் இருப்பது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில். வெப்சைட் டிசைன் செய்து கொடுக்கிற, செண்பகத்தின் சின்னக் கம்பெனி. நான் கோட் எழுதுகிறவன். பால்துரைக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு, அது என் தலையெழுத்து.

பால்துரை பதினெட்டு வருஷம் பிளக்ஸ் பேனர் டிசைன் செய்தவர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எது என்றாலும் அவர் கைதான். கடையை மூடிய பிறகு வெப் டிசைன் கற்றுக்கொள்கிறேன் என்று மூன்று மாத ட்ரையலில் இங்கே வந்து சேர்ந்தார். பிளக்ஸ் தொழிலில் கற்றுக்கொடுப்பவர் யாராக இருந்தாலும் வாத்தியார்தான். அதனால் செண்பகத்தை 'வாத்தியாரம்மா' என்றார். அவள் முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பழகிவிட்டது. அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

மனுஷன் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டார். கால் ஆடிக்கொண்டே இருக்கும், என் மேஜையும் சேர்ந்து ஆடும். ஒரு நீலத்தைப் போடுவார், அழிப்பார், வேறு நீலம் போடுவார், சாயங்காலம் பழைய நீலத்துக்கே வந்து நிற்பார். தினம் ஒரு தடவையாவது அதே கேள்வி.

"வாத்தியாரம்மா, இந்த இன்ஸ்பிரேஷன் எங்கதான் கெடைக்கும்?"

அவள் ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். "தெரியல அண்ணாச்சி."

"தெரியாமலா இம்புட்டும் செய்யுதீங்க?"

"ஆமா."

கேட்கிற எனக்கே எரிச்சல் வரும்.

அந்தச் சமயத்தில்தான் டயாலிசிஸ் சென்டர் வேலை வந்தது. ஊருக்கு வெளியே ஒரு டிரஸ்ட் நடத்துகிற சென்டர். நோயாளி உள்ளே நாலு மணி நேரம் மிஷினில் படுத்திருப்பார். கூட வந்தவர் வெளியே பெஞ்சில் கிடப்பார். உள்ளே என்ன நிலவரம் என்று அவர் தன் போனில் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பக்கம் வேண்டும், பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய் ஒரு வாய் சாப்பிட்டு வரட்டும் என்று கேட்டிருந்தார்கள். யார் செய்வது என்று செண்பகம் கேட்டு முடிப்பதற்குள் பால்துரை எழுந்து நின்றுவிட்டார்.

"நான் செய்யுதேன்."

செய்தார். திரும்பி வந்தது. மறுபடியும் செய்தார். புதன்கிழமை காலையில் அங்கிருந்து தலைமை சிஸ்டர் கனகமணி போன் செய்தார்கள். செண்பகம் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேல ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை சிரிச்சிட்டே ஓடுதாளே, அவ யாரும்மா?"

"அது சும்மா... ஆரோக்கியம்னு காட்டுறதுக்கு சிஸ்டர்."

"எங்ககிட்ட வாறவங்க யாரும் ஓடுறதில்ல. அது கெடக்கட்டும். 'சிகிச்சை நிலை: நடப்பில் உள்ளது'ன்னு போட்டிருக்கே, நடப்பிலன்னா? நடந்துட்டா இருக்காங்க? படுத்துல்லா கெடக்காங்க!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பால்துரையைப் பார்த்தேன். மனுஷன் வாயைத் திறக்கவே இல்லை. குனிந்து, நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்கு ஆகாது. சனிக்கிழமை வரைக்கும் பாக்கோம், இல்லன்னா டிரஸ்ட்ல வேற ஆளுகிட்ட குடுக்கச் சொல்லுதாங்க" என்று சிஸ்டர் வைத்துவிட்டார்கள்.

பால்துரையின் மூன்று மாதமும் அதே சனிக்கிழமைதான் முடிகிறது. இந்தப் பக்கம் தேறினால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் அவ்வளவுதான். அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

அவர் பதறிப்போய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் மேஜைக்குப் போனார்.

"நான் தேடாம இல்ல வாத்தியாரம்மா. இந்தா பாருங்க. 'இன்ஸ்பிரேஷன்'னு ஒரு ஃபோல்டரே வச்சிருக்கேன். ஆயிரத்து நூத்தி நாப்பது படம். ஜப்பான் இருக்கு, ஸ்வீடன் இருக்கு. ஒவ்வொண்ணும் போன்ல பாத்துப் பாத்து எடுத்தது. இம்புட்டும் பாத்த பெறவும் கை ஓட மாட்டேங்குதுன்னா எங்கிட்ட என்னமோ கோளாறு. நீங்களாவது சொல்லுங்க, இன்னும் எங்க போய்ப் பாக்க?"

செண்பகம் ஒரு படத்தையும் திறக்கவில்லை. தேதி வாரியாக அடுக்கினாள். மேலிருந்து கீழே மெதுவாக உருட்டிக்கொண்டு போனாள்.

"எல்லாம் செவ்வாயும் வெள்ளியுமால்லா இருக்கு."

அவள் இன்னும் கீழே உருட்டினாள்.

"பத்தேகாலுக்கு ஆரம்பிக்குது. ரெண்டு மணிக்கு நிக்குது. நீங்க ஜோலி இருக்குன்னு அரை நாள் லீவு போடுற நேரம்."

"ஆமா."

"எங்க உக்காந்து எடுத்தீங்க?"

பால்துரை லேப்டாப்பை மூடப் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை.

"அந்த சென்டர்லதான்" என்றார். "குளோரிக்கு ரெண்டு வருஷமா அங்கதான் டயாலிசிஸ். என் வீட்டுக்காரி."

பக்கத்து நாற்காலியில் மூன்று மாதமாக இருக்கிறேன். வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டம் போடுகிறார் என்று முதுகுக்குப் பின்னால் கேலி பேசியவன் நான்தான்.

"ஏன் அண்ணாச்சி சொல்லல?" செண்பகத்தின் குரலில் கோபம் இருந்தது.

"சொன்னா? இவன் பாதி நாள் ஆஸ்பத்திரியில கெடப்பான்னு ட்ரையலுக்கே எடுத்திருக்க மாட்டீங்க."

அவள் மறுக்கவில்லை.

"அந்தக் கதவு என்ன கலர்?"

"எந்தக் கதவு?"

"அக்கா உள்ள போற கதவு."

பால்துரை யோசித்தார். ஒரு நீலத்துக்கும் இன்னொரு நீலத்துக்கும் ரெண்டு நாள் சண்டை போடுகிற மனுஷன்.

"நீலம்னு நெனைக்கேன்" என்றார்.

"வெள்ளிக்கிழமை போறப்ப போனை எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க."

"போன் இல்லாம நாலு மணி நேரமா? கிறுக்குப் பிடிச்சிரும்."

"பிடிக்கட்டும்."

"வெளையாடாதீங்க வாத்தியாரம்மா!" அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். "உங்களுக்கு என்ன தெரியும்? கதவு தெறக்கும்போதெல்லாம் பயமா இருக்கும். என்ன சொல்ல வாராங்களோ, ஏது சொல்ல வாராங்களோன்னு. அதைப் பாக்க மாட்டாமத்தான் போனைப் பாக்கேன். போனைப் பாத்தாத்தான் அங்க உக்காரவே முடியுது."

செண்பகம் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அங்க இன்னும் எத்தனை பேரு உக்காந்திருக்காங்க அண்ணாச்சி?"

அவர் தண்ணீரைக் குடித்தார். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். போனை அவள் மேஜை மேல் வைத்தார். திருப்பி எடுத்தார். மறுபடி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். அவள் அதை டிராயரில் போட்டாள். அன்று பூராவும் எனக்கு வேலை ஓடவில்லை. எழுதியதையே எழுதிக்கொண்டிருந்தேன். அவளும் மூன்று தடவை மணி பார்த்தாள்.

மூன்று மணிக்கு வந்தார். சட்டை நனைந்திருந்தது. உட்காரவில்லை.

"பச்சை வாத்தியாரம்மா. கதவு பச்சை."

"சரி."

"கீழ பெயிண்ட் உரிஞ்சு கெடக்கு. கையில பையை வச்சுக்கிட்டு எல்லாரும் காலாலயே தள்ளுதாங்க. வெளிய பதினோரு பேரு. கதவு லேசா அசைஞ்சாப் போதும், பதினோரு தலையும் நிமிருது. சிஸ்டர் தலையை மட்டும் நீட்டி, 'மாடத்தி ஏறியாச்சு'ன்னு சொல்லிட்டு உள்ள போயிருதாங்க. மாடத்தி மகன் அப்பத்தான் மூச்சே விடுதான். பெறவு நாலு மணி நேரம் கழிச்சு மறுபடி தலையை நீட்டி, 'இறங்கியாச்சு'. அம்புட்டுதான். மிஷின்ல போட்டா ஏறியாச்சு, எடுத்தா இறங்கியாச்சு. அங்க எல்லாருக்கும் இதுதான் பேச்சு. ரெண்டு வருஷமா நானும் இதைத்தான் கேட்டேன். வீட்டுல குளோரிகிட்ட இதைத்தான் பேசுதேன். எழுத உக்காந்தா மட்டும் 'நடப்பில் உள்ளது'ன்னு எழுதியிருக்கேன் பாருங்க. கூறுகெட்டவன்!"

தலையில் அடித்துக்கொண்டார். செண்பகம் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

"கடையம் ஊர்க்காரரு ஒருத்தரு, காலையில வந்ததுலேர்ந்து ஒண்ணுக்குக்கூடப் போகல. போன நேரம் கூப்பிட்டுட்டா என்ன செய்யன்னு பயம். எங்கிட்ட வந்து, 'கொஞ்சம் காது குடுத்துக்கிடுங்க, ஒரு நிமிஷத்துல வந்துருதேன்'னு கேட்டாரு. இதுவரைக்கும் எங்கிட்ட கேட்டதில்ல. நான்தான் குனிஞ்சே இருப்பேனே. ரெண்டு வருஷமா அதே பெஞ்சுல இருக்காரு, இன்னைக்குத்தான் பேரு கேட்டேன்."

"என்ன பேரு?"

"இசக்கிபாண்டி."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"குளோரி வெளிய வரும்போது எந்திரிச்சு நின்னேன். அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. 'என்ன, போன் தொலைஞ்சு போச்சா?'ன்னு கேட்டா வாத்தியாரம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். செண்பகம் டிராயரைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கிப் பையில் போட்டுவிட்டு நேராகத் தன் மேஜைக்குப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் பக்கத்தைக் காட்டினார். வெள்ளைத் திரை. மேலே நோயாளியின் பெயர். நடுவில் ஒரே வார்த்தை, கண்ணாடி இல்லாதவருக்கும் தெரிகிற அளவில். 'இன்னும் ஏறல', 'ஏறியாச்சு', 'இறங்கியாச்சு' என்று அந்தந்த நேரத்துக்கு ஒன்று. ஓடுகிற பெண்ணைக் காணோம், நீலத்தைக் காணோம். கீழே நாலு விரல் இடம் வெறுமனே கிடந்தது.

எனக்கு நம்ப முடியவில்லை. பிளக்ஸ்காரருக்கு இடம் காலியாகக் கிடந்தால் கை அரிக்கும். கண்ணீர் அஞ்சலி பேனரிலேயே மூலைக்கு மூலை பூங்கொத்து வைத்தவர் இவர்.

செண்பகம் அந்த இடத்தில் விரலை வைத்தாள். "இது எதுக்கு சும்மா கெடக்கு?"

"சில நாள் நடுவுல பிரஷர் கொறைஞ்சு மிஷினை நிப்பாட்டிருவாங்க. அதுக்கும் ஒரு வார்த்தை வேணும்லான்னு 'நிறுத்தம்'னு அங்க போட்டிருந்தேன். அப்பத்தான் நெனச்சேன், இசக்கிபாண்டி டீக்கடையில நின்னு இதைப் பாத்தாருன்னா என்ன ஆவாருன்னு. எடுத்துட்டேன். அதைப் போன் சொல்லக் கூடாது. சிஸ்டர்தான் வந்து சொல்லணும். அந்த எடம் அவங்களுக்கு."

அவள் விரலை எடுத்துவிட்டாள். சிஸ்டருக்குப் பக்கத்தை அனுப்பிவிட்டு ஸ்பீக்கரில் கூப்பிட்டாள். அவர்கள் அதைத் திறந்து பார்க்கிறவரை காத்திருந்தோம். பால்துரையின் கால் ஆடுகிற ஆட்டத்தில் என் டம்ளர் மேஜை ஓரத்துக்கு வந்துவிட்டது.

"இது நம்ம பேச்சுல்லா!" என்றார்கள் சிஸ்டர். "யாரும்மா செஞ்சது?"

செண்பகம் பால்துரையைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் சிஸ்டர்."

"இந்தக் குரலு... குளோரி வீட்டுக்காரரா?"

"ஆமா சிஸ்டர்."

"எப்பப் பாத்தாலும் போனைத் தடவிக்கிட்டே இருப்பீங்களே, அது இந்த வேலைக்குத்தானா?"

சிஸ்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "திங்கக்கிழமையே போட்டுருங்க. செவ்வாக்கெழமை குளோரிக்கும் இதுலயே பாத்துக்கிடலாம்" என்று வைத்துவிட்டார்கள்.

நான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மட்டம் போடுகிறவர் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். கையை மட்டும் குலுக்கினேன். செண்பகம், திங்கட்கிழமை முதல் அவர் ட்ரையல் ஆள் இல்லை என்றும், செவ்வாயும் வெள்ளியும் இனி லீவு கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் கிளம்புகிற நேரம். பால்துரை லேப்டாப்பை மூடாமல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரம்மா, அந்த இன்ஸ்பிரேஷன் ஃபோல்டரை அழிச்சிரட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"அதுல ஒண்ணும் உருப்படியா இல்லையே."

அவள் ஸ்க்ரீனிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"தேதி இருக்கே. அக்கா ஏறுன நாளெல்லாம் அதுலதான் இருக்கு."