சாக்பீஸ் படாத இடம்

பொழிமுகத்தில் அலை தூக்கிப் போட்டதும் என்ஜின் மறுபடி செத்தது. மூன்றாவது தடவை. ஆறு கடலில் சேருகிற அந்த இடத்தில் போட் குறுக்கே திரும்பினால் கவிழ்ந்துவிடும். நானும் டெல்பின் அக்காவும் துடுப்புப் போட்டு எப்படியோ கரைக்கு வந்தோம்.

கரையில் கட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது.

"ஓடுதுல்லா? பிறகென்ன?" என்றார் பனிதாசன் மாமா. போட் அவருடையது. இருபது வருஷப் பழசு. அக்கரைத் திருவிழாவுக்குப் பன்னிரண்டு பேர் ஏறக் காத்து நின்றார்கள். பாதிப்பேர் கிழடுகள். ஒரு கைக்குழந்தை.

"அக்கா, எல்லா வயரையும் பாத்தாச்சு. பழுது எங்கதான் இருக்கு?"

டெல்பின் அக்காவிடம்தான் தொழில் படிக்கிறேன். இந்தத் துறையில் போட் வயரிங் தெரிந்த ஒரே ஆள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினாள்.

"நீ கைவச்சு ஆட்டிப் பாத்த இடத்துல எல்லாம் கோடு போடு."

"சாக்பீஸ் பிடிக்காமத்தான் பள்ளிக்கூடத்தையே விட்டேன்."

"அப்போ சீக்கிரம் போட்டு முடி."

திட்டிக்கொண்டே போட்டேன். பேட்டரி முனை, பியூஸ் பெட்டி, சாவி சுவிட்ச். இரண்டு இடம் பார்த்ததாக நினைத்திருந்தேன், பார்க்கவில்லை. இப்போது ஆட்டிப் பார்த்துவிட்டுக் கோடு போட்டேன். அங்கேயும் ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தால் போட் முழுக்க வெள்ளைக்கோடு. ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு முழம் மட்டும் சுத்தமாக இருந்தது. அங்கே மாதா சொரூபம். தலைக்கு மேல் சின்ன நீல பல்பு.

"அதுக்குப் பின்னால?"

"அது மாதா விளக்குக்கா."

"அதுக்குக் கரண்ட் வானத்துலேர்ந்தா வருது?"

மாமா பாய்ந்து வந்தார். "லேய், அங்க கைவைக்காத! புயல்ல தப்பிச்சு வந்த அன்னைக்கு நானே மாட்டின விளக்கு. பதினோரு வருஷம். எந்த மெக்கானிக்கும் தொட்டதில்ல."

"தெரியுது," என்றாள் அக்கா.

நான் யோசிக்கவில்லை. என்ஜின் ஓடும்போதே சொரூபத்துக்குப் பின்னால் கையை விட்டு வயரை ஆட்டினேன்.

என்ஜின் நின்றது. விளக்கும் அணைந்தது.

மாமா சிலுவை போட்டார். கரையில் நின்றவர்களும் போட்டார்கள். "பாத்தியா? மாதா கோவிச்சுட்டா!"

என் கையும் பாதிச் சிலுவை போட்டுவிட்டது. இல்லையென்று சொன்னால் பொய்.

"ஸ்டார்ட் பண்ணு," என்றாள் அக்கா. "இன்னொரு தடவை கோவப்படுறாளான்னு பாரு."

ஆட்டினேன். நின்றது. மறுபடி ஆட்டினேன். மறுபடி நின்றது.

சாவியை அணைத்துவிட்டு டேப்பைப் பிரித்தேன். என்ஜினுக்குப் போகிற வயரைக் கத்தியால் சுரண்டி, அதிலேயே விளக்கு வயரை முறுக்கி வைத்திருந்தார் மாமா. செம்பெல்லாம் பச்சைக் களிம்பேறி, நாலே நாலு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அலை அடித்தால் விட்டுப்போகும். கரைக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும்.

மாமா அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "விளக்கை அமத்தினது பாவம்லே. முதல்ல முழங்கால் போட்டு மன்னிப்புக் கேளு. பிறகு பழையபடி முறுக்கி வை. ஆள் ஏறட்டும்."

"இன்னைக்கு யாரும் ஏற மாட்டாங்க," என்றேன்.

"நீ யாருலே அதைச் சொல்ல?"

நான் அக்காவைப் பார்த்தேன். "நெசமாவே கோவிச்சுட்டாளாக்கா?"

"பதினோரு வருஷமா அவ முதுகுக்குப் பின்னால வயர் அரிச்சுக்கிட்டு இருக்கு," என்றாள் அக்கா. "யாராவது எட்டிப் பாப்பாங்களான்னு அவதானே காத்துக் கெடந்தா."

"முழங்கால் போடுலே!" என்று கத்தினார் மாமா.

நின்றுகொண்டே அந்த முறுக்கை வெட்டினேன்.