எருமைக்கு ஒரு பங்காளி

பண்ருட்டிக்கு வெளியே, கெடிலம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே குமுதவல்லி சிலை செய்துவந்தார். கோயில், சர்ச், பள்ளிக்கூடம், யார் கேட்டாலும் செய்து கொடுப்பார். ஊரில் அவரைச் சிலைக்காரம்மா என்பார்கள்.

அவரிடம் சீடராக இருந்த ஏகாம்பரத்துக்கு வயது நாற்பத்தெட்டு. குருவைவிட எட்டு வயது மூத்தவர். ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தார். பள்ளிக்கூடம் அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டது. மண்வேலை கற்றுக்கொள்ள வந்து நின்றபோது குமுதவல்லி அவருடைய வயதைக் கேட்கவில்லை. கையைக் காட்டச் சொன்னார். பார்த்தார்.

"நகத்தை வெட்டிட்டு நாளைக்கு வாங்க அண்ணே" என்றார்.

அது நடந்து நாலு வருஷம்.

முதல் மூன்று வருஷம் ஏகாம்பரம் ஆர்டர் வேலைகளில் கைகொடுத்தார். பிறகு கொட்டகையின் பின்மூலையில் தனக்கென்று ஒன்றைத் தொடங்கினார். ஓர் எருமை. ஏரித் தண்ணீரிலிருந்து எழுந்து கரையேறுகிற எருமை. முன்னங்கால்கள் வெளியே வந்துவிட்டன, பின்பாதி இன்னும் தண்ணீரில். அதைச் செய்வதற்காக ஏரிக்கரையில் போய்ப் போய் உட்கார்ந்தார். மாட்டுக்காரர் முதலில் இவரைத் திருடன் என்று நினைத்து விரட்டினார். பிறகு பைத்தியம் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

எருமை வளர்ந்தது. ஆர்டர் வேலை குறைந்தது. வீட்டுக்குப் போகும் பணமும் குறைந்தது. மகள் ஹரிணிக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. மனைவி பச்சையம்மாள் முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போனார்.

ஒரு நாள் காலை ஏகாம்பரம் கையில் கடப்பாரையோடு வந்தார்.

குமுதவல்லி அப்போது ஒரு சர்ச்சுக்காக அந்தோணியார் சிலை செய்துகொண்டிருந்தார். கை விரல்கள்வரை வந்திருந்தது வேலை.

"என்னாண்ணே, கடப்பாரையோட?"

"உடைக்கப் போறேம்மா."

"எதை?"

"எருமையை."

குமுதவல்லி எடுத்த விரலை ஒட்டி முடித்தார். பிறகுதான் திரும்பினார்.

"என்னா விஷயம்?"

"மச்சான் மஸ்கட்டுல வேலை பாத்து வச்சிருக்கான். குடோன்ல ஸ்டோர் கீப்பர். மூணு வருஷ அக்ரிமென்ட். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"போறதுன்னா போங்க. எருமை என்னா பண்ணுச்சு?"

"அது இங்க இருந்தா எனக்குக் கால் நகராதும்மா."

கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவர் பேசினார். நெடுநாள் மனதுக்குள் வைத்திருந்த பேச்சு.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலுன்னு ஓட்டிட்டேன். இங்க இருந்தா வீட்டு நெனப்பு. வீட்டுக்குப் போனா மண்ணு நெனப்பு. சோத்துல கை வச்சா மண்ணைப் பிசையற மாதிரி பிசையறேன். மக பாத்துச் சிரிக்குது. ஒரு எடத்துலயும் நான் முழுசா இல்ல. இனிமே முடியாது. ரெண்டுல ஒண்ணை விட்டாவணும். நீங்கதான் குரு, நீங்க சொல்லுங்க. கலையா, குடும்பமா?"

குமுதவல்லி கையில் ஒட்டியிருந்த மண்ணை வழித்துப் போட்டார்.

"பங்காளிகிட்ட கேட்டீங்களா?" என்றார்.

"பங்காளியா?"

"இந்த எருமையில பங்கு உள்ளவங்க."

"நீங்களாம்மா? மண்ணு உங்க மண்ணுதான்…"

"மண்ணு ஆத்தோடது. நான் இல்ல."

"வேற யாரும் இதுல கை வைக்கலியே."

"கை வைக்கல" என்றார் குமுதவல்லி. எழுந்து வந்து கடப்பாரையை வாங்கினார். அந்தோணியாருக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். "பங்காளி வந்து சரின்னு சொல்லட்டும். நானே ஒரு பக்கம் பிடிச்சுத் தரேன்."

கையைக் கழுவிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துப் போனார்.

திரும்பி வரும்போது பின்சீட்டில் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்த கோலம். புடவைக்கு மேலே பழைய சட்டை. கொட்டையின் எண்ணெய் ஒட்டாமலிருக்கச் சாம்பல் பூசிய கை. முந்திரி எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள்.

ஏகாம்பரத்துக்கு முகம் மாறியது.

"எதுக்கும்மா இவளை?" என்றார் குருவின் காதோரம். "இதெல்லாம் அவளுக்குப் புரியாது."

"இதுக்கு முன்னாடி காட்டியிருக்கீங்களா?"

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். பச்சையம்மாள் வாசல்வரை வந்து சாப்பாட்டுக் கேரியரைக் கொடுத்துவிட்டுப் போனது உண்டு. உள்ளே வந்ததில்லை. யாரும் கூப்பிட்டதில்லை.

"சாக்கை எடுங்க" என்றார் குமுதவல்லி.

ஏகாம்பரம் ஈரச் சாக்குகளை ஒவ்வொன்றாக உரித்தார். முதலில் கொம்பு வந்தது. பிறகு நெற்றி, கழுத்து, திமிறி எழும் தோள். ஆளுயர எருமை. ஈரத்தில் நிஜமாகவே இப்போதுதான் ஏரியை விட்டு எழுந்ததுபோல் இருந்தது.

"எருமை" என்றார் பச்சையம்மாள்.

ஏகாம்பரம் குருவைப் பார்த்தார். நான் சொன்னேன் இல்லையா என்பதுபோல.

பச்சையம்மாள் அதைச் சுற்றி நடந்தார். மெதுவாக. வால்பக்கம் போய் நின்றார். மறுபக்கம் வந்தார். தோளுக்கு நேராக வந்தபோது கால் தயங்கியது. சட்டென்று முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"என்னா?" என்றார் ஏகாம்பரம்.

"இல்ல… சிலுப்பிடப் போவுதுன்னு" என்றார் அவர். சொன்ன பிறகுதான் தன் பேச்சு தன் காதில் விழுந்தது. வெட்கத்தோடு சிரித்தார்.

ஏகாம்பரம் கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டார்.

"இதுவா?" என்றார் பச்சையம்மாள். "இம்மாம் நாளா தூங்காம மோட்டு வளையைப் பாத்துக்கிட்டுக் கெடந்தீங்களே, இதை நெனச்சா?"

"ஆமா."

"நான் வேற என்னென்னவோ நெனச்சிட்டேன்."

"என்னா நெனச்ச?"

"கடனு வாங்கிட்டு சொல்ல முடியாம தவிக்கிறீங்கன்னு. அது இல்லன்னா… வுடுங்க, அதை எதுக்கு இப்ப சொல்லிக்கிட்டு."

குமுதவல்லி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"ஏன் எனக்குக் காட்டல?"

"உனக்குப் பிடிக்காதோன்னு…"

"எங்கிட்ட கேட்டீங்களா?"

பச்சையம்மாள் அவரை விட்டுவிட்டு குமுதவல்லியிடம் திரும்பினார்.

"அம்மா, எனக்கு இது நல்லாருக்கு. ஆனா அவர் என் வீட்டுக்காரர், எனக்கு நல்லாத்தான் இருக்கும். நீங்க சொல்லுங்க. நெசமாவே நல்லாருக்கா?"

நாலு வருஷத்தில் குமுதவல்லி தன் சீடரை ஒரு வார்த்தைகூடப் பாராட்டியதில்லை. வேலை சரியாக இருந்தால் அடுத்த வேலையைக் கொடுப்பார். அவ்வளவுதான்.

"என்னால இதைச் செய்ய முடியாது அண்ணி" என்றார்.

ஏகாம்பரம் பக்கத்தில் இருந்த மண்தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பச்சையம்மாள் நிமிர்ந்து நின்றார். எருமையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மறுபடி எருமையைப் பார்த்தார்.

"இதுக்காகத்தான் இவ்ளோ நாளும் கொட்டை உடைச்சேனா நானு?"

அது கோபமா, வருத்தமா என்று ஏகாம்பரத்துக்குத் தெரியவில்லை.

"சரி" என்றார் பச்சையம்மாள். "இன்னும் கொஞ்ச நாள் உடைக்கலாம்."

குமுதவல்லி மெதுவாகக் கேட்டார்: "உடைக்கிற பேச்சு வந்ததால கேக்கறேன் அண்ணி. அண்ணன் இந்த எருமையை உடைச்சிடலாமான்னு கேக்கறாரு. நீங்க என்னா சொல்றீங்க?"

அப்போதுதான் பச்சையம்மாள் அந்தோணியாருக்குப் பின்னால் சாய்ந்திருந்த கடப்பாரையைக் கவனித்தார்.

"அதுக்கா இதைக் கொண்டாந்தீங்க? யார் வீட்டுது?"

"பக்கத்து வீட்டுல வாங்கினேன்" என்றார் ஏகாம்பரம்.

"அவங்க தேடுவாங்க. மொதல்ல குடுத்துட்டு வாங்க."

ஏகாம்பரம் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வாசலைத் தாண்டும் முன் பச்சையம்மாள் கூப்பிட்டார். குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"நில்லுங்க. ஒண்ணு சொல்லிடறேன். எருமை நல்லாருக்குன்னு சொன்னேன்னு நானே காலத்துக்கும் ஒத்தையா உடைச்சிக்கிட்டு இருக்க மாட்டேன். காலையில அம்மா குடுக்கற ஆர்டர் வேலை. சாப்பாட்டுக்கு அப்புறம் உங்க எருமை. ஹரிணி படிப்பு முடியற வரைக்கும் இது மாறக் கூடாது."

"சரி."

"ராத்திரி தூங்கணும்."

"சரி."

"என்ன செய்யறீங்கன்னு வீட்டுல வாயைத் தொறந்து சொல்லணும்."

ஏகாம்பரம் தலையாட்டினார். தோளில் கடப்பாரை இருந்ததால் அதுவும் சேர்ந்து ஆடியது.

அன்று சாயங்காலம் பச்சையம்மாள் மஸ்கட்டில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தார். ஏகாம்பரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவருக்கு வரத் தோதுப்படாது தம்பி… இல்லடா, கோச்சுக்கல, நீ நல்லதுக்குத்தான் பாத்த… அவருக்கு இங்க வேலை இருக்கு… என்னா வேலையா? லீவுக்கு வரும்போது வா, கூட்டிக்கிட்டுப் போய் காட்டறேன்… சம்பளத்தைக் கேக்காதடா, வேலையைக் கேளு."

போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிலைக் கொட்டகை வாசலில் கூட்டம். முந்திரிக் கொட்டகையில் வேலை செய்யும் பெண்கள் அத்தனை பேரும் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பச்சையம்மாள் கல்யாணப் புடவை கட்டியிருந்தார். சாக்கை அவரே உரித்தார்.

"கொம்பைத் தொடாதீங்கடி. இன்னும் ஈரம் காயல."

"பச்சை, இது உங்க ஊட்டுக்காரரா செஞ்சாரு? அவரு வாயே தொறக்க மாட்டாரே."

"வாயில செய்யறதில்லடி இது."

"எவ்ளோக்குப் போவும்?"

"அது போவும்போது போவும். நீ மொதல்ல கண்ணால பாரு. இப்படி வா, தோளுக்கு நேரா நில்லு. தெரியுதா? தண்ணிய சிலுப்பப் போவுது பாரு."

ஹரிணி எருமையின் கழுத்தோரம் நின்று படம் எடுத்துக்கொண்டாள். "எங்க அப்பா செஞ்சது" என்று தன் குரலில் சொல்லி, கூடப் படித்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாள்.

ஏகாம்பரம் ஓரமாக நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு கிழவி அவர் அருகில் வந்து, அந்தக் கைகளைத் தூக்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த நாளிலிருந்து ஏகாம்பரம் காலையில் அந்தோணியார் பக்கம் உட்கார்ந்தார். முன்பெல்லாம் ஆர்டர் வேலையை முகம் சுளித்துச் செய்வார். இப்போது அந்தோணியார் கையில் இருக்கும் குழந்தைக்கு அவர் வைத்த குதிகாலைப் பார்த்துவிட்டு, பங்குத்தந்தை தன் சொந்த ஊர் சர்ச்சுக்கும் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். மதியத்துக்கு மேல் எருமை. சில நாள் எருமையிடம் போக நேரமே கிடைக்காது. அன்றைக்கு வீட்டில் எரிந்து விழுவார். பச்சையம்மாளும் பதிலுக்கு எரிந்து விழுவார். ஃபீஸ் கட்டுகிற மாதங்களில் இருவருமே பேசிக்கொள்ளாத நாட்கள் உண்டு. ஆனால் இராத்திரிச் சாப்பாட்டின்போது ஹரிணி கேட்பாள், "காது முடிஞ்சுதாப்பா?" என்று. அவர் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்.

மழைக்காலம் போன பிறகு எருமையை அச்செடுத்து சிமெண்டில் வார்த்தார்கள். பச்சையம்மாள் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு கலவை சுமந்தார். எருமை இன்றுவரை விற்கவில்லை. கொட்டகை வாசலில் நிற்கிறது. பாலத்தில் வருகிற பஸ்ஸின் ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து குருவும் சீடரும் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா" என்றார் ஏகாம்பரம். "நான் அன்னிக்கு உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டேன்."

"ம்."

"கலையா, குடும்பமான்னு. நீங்க இன்னும் பதிலே சொல்லல."

குமுதவல்லி கழுவிய கருவியை உதறிப் பலகையில் வைத்தார்.

"உங்க வீட்டுல அந்தக் கேள்வியை உங்களைத் தவிர வேற யாரு கேட்டாங்க, அண்ணே?"