முறச் சத்தம்

"அம்மா, இந்த மடத்துல என்னை மட்டும் ஏன் நீங்க திட்டுறதே இல்லை?"

தாண்டவன் கேட்டான். நாற்பது வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு பார்வை போனவன். மலைக்கு நடந்து வரும் யாத்ரீகர்களுக்குச் சோறு போடும் அந்த மடத்தில், விரலால் துழாவி அரிசியில் கல் பொறுக்குவது அவன் வேலை.

மடத்துத் தலைவி ஞானாம்பாள் சிரித்தாள். "திட்டு வாங்க ஆசையா?"

"குழம்பு கரிச்சா வைரவன் அண்ணனுக்குத் திட்டு. எனக்கு மட்டும் எப்பவும் 'நல்லாயிருக்கு தாண்டவா'."

"நல்லாத்தானே இருக்கு."

"நான் பொறுக்கி வெச்ச அரிசியைச் சமையல்கட்டுப் பின்னாடி அண்ணன் மறுபடி புடைக்கிறாரு. முறச் சத்தம் கேட்டேன்."

ஞானாம்பாள் சிரிப்பை நிறுத்தினாள்.

"நான் ஊருக்குப் போறேம்மா. சும்மா உக்காந்து சாப்பிட எனக்கு அங்கேயே ஒரு மூலை இருக்கு."

"எனக்கும் தெரிஞ்சுதான் நடந்தது" என்றாள் அவள். "இன்னிக்கு ஒரு பந்தி முடியட்டும். அப்புறம் போ."

பிறகு சமையல்காரன் வைரவனை அழைத்தாள். "இன்னிக்கு அவன் பொறுக்குனதை அப்படியே உலையில போடு."

"அம்மா, ஊரே சாப்பிடுற சோறு..."

"என் இலைக்கும் அதே சோறுதானே?"

பந்தி உட்கார்ந்தது. இரண்டாவது கவளத்தில் ஞானாம்பாளின் பல்லில் கல் கடிபட்டது. அந்தச் சத்தம் பந்தி முழுக்கக் கேட்டது.

"யாரு இன்னிக்கு அரிசி பொறுக்குனது?"

தாண்டவன் எழுந்து நின்றான்.

பரிமாறிக்கொண்டிருந்த வைரவன் குறுக்கே வந்தான். "பாவம்மா, கண்ணு தெரியாத மனுஷன்..."

"உன்னைக் கேக்கலை."

ஒதுங்கிக்கொள்ள நல்ல நிழல்தான் அந்தப் 'பாவம்'. இத்தனை வருஷம் தாண்டவன் அதில்தான் உட்கார்ந்திருந்தான்.

"கண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைம்மா" என்றான். "அண்ணன் மேல கோபம். கடைசி முறத்தை அரைகுறையாத் தள்ளிட்டேன்."

"கழுதை வயசாகுது, வெக்கமா இல்லை? வெயில்ல நடந்து பசியோட வந்தவங்க வாயில கல்லைப் போடவா உன்னை உக்கார வெச்சிருக்கேன்? கோபம் இருந்தா கிணத்தடியில போய்க் கத்திட்டு வா. அரிசியில காட்டாதே!"

தாண்டவன் உட்கார்ந்தான். கண்ணீர் இலையில் சொட்டியது. துடைக்காமல் சாப்பிட்டான். வயிறு நிறையச் சாப்பிட்டான்.

ஊருக்குப் போகும் பேச்சை அவனும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவன் அரிசியைப் பொறுக்கி முடித்தான். வைரவன் பழக்கதோஷத்தில் வந்து முறத்தைத் தூக்கினான்.

தாண்டவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கீழ வைங்கண்ணே. அதுல கல் இருந்தா, திட்டு எனக்கு வர வேண்டியது."